மரியா கேட்ட கேள்வி

விக்கிரமசிங்கபுரத்தில் யாரிடம் ஊரின் பெருமையைக் கேட்டாலும், அருவியையும் ஆற்றையும் மில்லையும் சொல்லிவிட்டு அடுத்ததாகச் சிவஞான முனிவரைச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் இங்கே பிறந்தவர். சிவஞான மாபாடியம் எழுதியவர். 1785இல் மறைந்தார். பிள்ளைப் பருவத்தில் அவர் பெயர் முக்களாலிங்கர். ஐந்து வயதில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் திருவாவடுதுறை ஆதீனத்துத் துறவிகளைக் கண்டு வீட்டுக்கு அழைத்து வந்தார் என்பதும், தாய் மயிலம்மை அவர்களுக்கு அமுது படைத்தார் என்பதும், அதைக் கண்ட பிள்ளை தாயைப் புகழ்ந்து அங்கேயே ஒரு வெண்பா பாடினார் என்பதும் ஊரில் வழங்கும் வரலாறு. பின்னர் அந்தப் பிள்ளை துறவிகளோடு புறப்பட்டுப் போய்விட்டது.

அந்த நான்கு வரிகளில் தாயைப் பற்றி என்ன இருக்கிறது? கற்பில் அவள் அருந்ததி. அடியவர்களுக்குக் குறைவில்லாமல் உணவு அளிப்பவள். கணவர் ஆனந்தக்கூத்தர் மனம் மகிழத் தொண்டு செய்பவள். மானம் குறையாதவள். கற்பு, சமையல், கணவன், மானம் என நான்கும் வந்துவிட்டன. ஐந்து வயதுப் பிள்ளை பாடியதா, பின்னால் வந்தவர்கள் பாடி அவர் வாயில் வைத்ததா என்ற ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். ஊர் இதை ஒரு மாணவனின் முதல் கவிதையாகப் போற்றி வைத்திருக்கிறது. அது போதும். ஒரு பிள்ளை தன் தாயை எப்படிப் பார்க்க வேண்டும் என்று ஊர் நினைத்ததோ அப்படித்தான் அந்தப் பாட்டு பார்க்கிறது. பிள்ளையைத் துறவிகளோடு அனுப்பிவிட்டு வாசலில் நின்றபோது மயிலம்மை என்ன நினைத்தார் என்பதற்குப் பாட்டு இல்லை.

இருநூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அதே ஊரில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்பிள்ளை தன் தாயைப் பற்றி என்ன எழுதக் கற்றுக்கொள்கிறாள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. நான் பார்க்க எடுத்துக்கொண்டது கத்தோலிக்கப் பள்ளியின் தொடக்க வகுப்புகளை. குறிப்பிட்ட ஒரு பள்ளியைப் பற்றிப் பேசவில்லை. தென்மாவட்டங்களில் மரியாவின் பெயரைத் தாங்கி நிற்கும் எத்தனையோ பள்ளிகளுக்கு இது பொருந்தும். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில், பாடநூலைவிட நோட்டுப் புத்தகங்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒரு பள்ளி எதைக் கற்பிக்கிறது என்று அறியப் பாடத்திட்டத்தைப் பார்க்கலாம். பிள்ளை எதைக் கற்றுக்கொண்டது என்று அறிய நோட்டைத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். கத்தோலிக்கப் பள்ளி என்றாலே மதமாற்றம் என்று கூச்சலிடும் அரசியலுக்கு இங்கே தீனி கிடையாது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு தருகிறது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எந்தப் பிள்ளையையும் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மதபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்காரவைக்கக் கூடாது என்று 28ஆம் பிரிவு சொல்கிறது. அதனால்தான் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று வகுப்பு இரண்டாகப் பிரிகிறது. மற்றபடி பாடநூல் அரசுப் பள்ளியில் உள்ளதேதான். இந்த ஏற்பாட்டோடு எனக்குச் சண்டை இல்லை. பெண்பிள்ளையிடம் எதிர்பார்ப்பது என்று வரும்போது மறைக்கல்வியும் நன்னெறியும் ஒரே குரலில் பேசுகின்றன. என் சண்டை அந்தக் குரலோடு. அதே குரல் சைவ வெண்பாவிலும் இருக்கிறது என்பதால்தான் அங்கிருந்து தொடங்கினேன்.

'என் அம்மா' என்று ஐந்து வரி எழுதச் சொல்லும் வீட்டுப்பாடம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. எங்கள் தெருப் பிள்ளைகள் எழுதிவரும் ஐந்து வரி ஏறக்குறைய ஒன்றுதான். அம்மாவின் பெயர் இன்னது. அம்மா காலையில் சீக்கிரம் எழுவார். அம்மா எனக்குச் சமைத்துத் தருவார். அம்மா என்மேல் அன்பாக இருப்பார். நான் அம்மா சொல் கேட்டு நடப்பேன். 'என் அப்பா' என்ற ஐந்து வரியில் இரண்டாவது வரியே வேலை: ஆட்டோ ஓட்டுகிறார், கட்டட வேலைக்குப் போகிறார், மில்லில் இருந்தார்.

இதை எழுதும் பிள்ளைகளின் அம்மாக்களில் பெரும்பாலோர் பீடி சுற்றுகிறார்கள். 1880களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தண்ணீரின் விசையை நம்பி இங்கே நூற்பாலை தொடங்கியதிலிருந்து இது ஆலைத் தொழிலாளர் ஊர் என்றுதான் எழுதப்படுகிறது. மில்லுக்குச் சங்கு உண்டு, வாசல் உண்டு, சங்கம் உண்டு, வரலாறு உண்டு. வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்து இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் சுற்றி, முனை மடக்கும் பெண்களுக்குச் சங்கு கிடையாது. மில் ஆட்களைக் குறைத்தபோதும் ஆண்களுக்கு வேலை இல்லாத மாதங்களிலும் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தத் தட்டால்தான். என் படிப்புக்குப் பணம் கட்டியதும் இதே தட்டுதான்.

ஐந்து வரி எழுதிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையிடம், "அம்மா பீடி சுத்துறத எழுதலையா?" என்று கேட்டேன். "அதெல்லாம் எழுதக்கூடாதுக்கா. மிஸ் ஏசுவாங்க" என்றாள். மிஸ் அப்படி எப்போதாவது சொன்னாரா என்று கேட்டேன். இல்லை. யாரும் சொல்லவில்லை. கரும்பலகையில் எழுதிப்போட்ட மாதிரி வாக்கியங்களில் சமையல் இருந்தது, அன்பு இருந்தது, கூலி இல்லை. எது எழுதத் தக்கது, எது தகாதது என்பதை எட்டு வயதுப் பிள்ளை அந்த இல்லாமையிலிருந்து கற்றுக்கொண்டுவிட்டாள்.

மறுநாள் அவள் அம்மா என்னிடம் வந்தார். கோபமெல்லாம் இல்லை. "அத எதுக்கு எழுதச் சொல்லுதிய? பீடி சுத்துதவ மவன்னு நோட்டுல எழுதி வைக்கணுமா? நான் சுத்துறதே அவ சுத்தக் கூடாதுன்னுதான்" என்றார். அந்தப் பதிலைக் கடந்து போக எனக்கு வழி இல்லை. பெண் பார்க்க வருபவர்கள் பீடி சுற்றத் தெரியுமா என்று கேட்ட வட்டாரம் இது. பத்தாம் வகுப்பில் தவறிய பெண்ணுக்கு அடுத்த நாளே தட்டு தயாராக இருந்த வட்டாரம். புகையிலைத் தூளில் இருமி, கூன் விழுந்து, தன் மகளை இதிலிருந்து மீட்கவே கான்வென்ட் வாசலில் நிறுத்தியவருக்கு, மகளின் நோட்டில் பீடி வரக் கூடாதுதான்.

ஆனால் அந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? தொழில் அவமானகரமானது என்பதால் மட்டும் வரவில்லை. அதைத் தொழில் என்றே யாரும் எண்ணவில்லை என்பதாலும் வந்தது. 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியபோது, வீட்டில் உட்கார்ந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்று ஏற்றது. 1976இல் வந்த நல நிதிச் சட்டத்தின் வழியே அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. எங்கள் தெருவிலேயே அந்தத் தொகையை வாங்கிய பிள்ளைகள் உண்டு. விண்ணப்பத்தில் அம்மாவின் தொழிலை எழுத வேண்டும், கட்டுரையில் எழுதக் கூடாது என்றால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? பணம் வாங்க மட்டும் அம்மா தொழிலாளி, பாசத்தைப் பேச அம்மா சமையல்காரி என்றுதானே விளங்கும்?

இப்போது மரியாவிடம் வருகிறேன். கத்தோலிக்கப் பள்ளியில் பிள்ளைகள் அன்றாடம் பார்க்கும் இன்னொரு தாய் அவர்தான். முகப்பில் கெபி, வகுப்பில் படம், மே மாதத்தில் வணக்கம், அக்டோபரில் செபமாலை. பல பள்ளிகளில் நண்பகல் மணி அடித்ததும் மூவேளைச் செபம் சொல்லப்படும். பாஸ்கா காலம் தவிர ஆண்டு முழுக்க இதே செபம். வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னதும், தன்னை ஆண்டவரின் அடிமை என்று சொல்லி அவர் சம்மதித்ததும், வார்த்தை மனிதரானதும் இதன் மூன்று படிகள். முதல் படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஒரே தாவல். செய்தி வந்தது, பெண் தலை வணங்கினாள்.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தால் அந்தத் தாவலுக்கு நடுவே ஒரு வாக்கியம் இருக்கிறது. வானதூதர் சொன்னதைக் கேட்டதும் மரியா உடனே தலை வணங்கவில்லை. இது எப்படி நடக்கும் என்று கேட்டார். தன் உடலைப் பற்றிய விஷயத்தில், தனக்குத் தெரிந்த உண்மையை எடுத்துச் சொல்லி விளக்கம் கேட்டார். விளக்கம் கிடைத்த பிறகுதான் சம்மதம் சொன்னார். கபிரியேல் கோபித்துக்கொள்ளவில்லை. முட்டிபோடச் சொல்லவில்லை. பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லவில்லை. பதில் சொன்னார்.

அதே அதிகாரத்தில் இன்னொருவரும் கேள்வி கேட்கிறார். செக்கரியா என்ற முதிய குரு. அவருக்கும் வானதூதர் ஒரு குழந்தையைப் பற்றித்தான் செய்தி கொண்டுவருகிறார். அவர் நம்பாமல் கேட்டதால் குழந்தை பிறக்கும்வரை பேச முடியாதவராகிறார். கோயிலுக்குள் நின்ற ஆண் குரு வாய் அடைபட்டுப் போகிறார். நாசரேத்து என்ற சின்ன ஊரின் இளம்பெண்ணுக்குப் பதில் கிடைக்கிறது. அவர் நம்பாமல் கேட்டார், இவர் நம்பிக்கையோடு கேட்டார் என்று உரைகாரர்கள் வேறுபாடு சொல்வார்கள். சரி. நம்பிக்கையோடு கேள்வி கேட்கலாம் என்பது அதிலிருந்தே தெரிகிறதே. அந்தப் பாடம் ஏன் பிள்ளைகளுக்கு வருவதில்லை? செபம் சுருக்கமாக இருக்க வேண்டியதால் கேள்வி விடுபட்டிருக்கலாம். ஆனால் நாள்தோறும் சொல்லும் செபத்திலும் அதை ஒட்டிய நன்னெறிப் பேச்சிலும் ஒரு பெண்ணின் கேள்வி மட்டும் விடுபட்டு அவள் கீழ்ப்படிதல் மட்டும் எஞ்சினால், மரியா என்றாலே தலைகுனிந்த நீலத் துணி என்றுதான் பிள்ளைகள் எண்ணுவார்கள்.

கதை அதோடு முடியவும் இல்லை. கருவுற்ற மரியா மலைநாட்டிலிருந்த தன் உறவினர் எலிசபெத்தைப் பார்க்கப் போகிறார். அங்கே ஒரு பாட்டுப் பாடுகிறார். வலியோர் அரியணையிலிருந்து இறக்கப்படுவதையும் தாழ்ந்தோர் உயர்த்தப்படுவதையும், பசித்தோர் நிறைவு பெறுவதையும் செல்வர் வெறுங்கையோடு அனுப்பப்படுவதையும் பாடுகிறார். இரண்டு பெண்கள், இருவரும் வயிற்றுப்பிள்ளைக்காரிகள், பேசிக்கொள்வது அரசியல். திருச்சபையின் மாலைச் செபத்தில் இந்தப் பாட்டு நாள்தோறும் இடம்பெறுகிறது. மடத்தில் சிஸ்டர்கள் மாலைதோறும் இதைச் சொல்கிறார்கள். மடத்துக்கும் வகுப்பறைக்கும் நடுவே ஒரு சுவர்தான். நண்பகலில் சொல்லும் பணிவு சுவரைத் தாண்டி வந்துவிடுகிறது. மாலையில் பாடும் நீதி தாண்டுவதில்லை. பீடிக் கட்டுகளில் பாதியைச் சரியில்லை என்று கழித்துவிட்டுச் சுற்றிய கூலியைக் குறைக்கும் கடைக்காரரின் முன் நிற்கும் அம்மாவின் மகளுக்கு இவற்றில் எந்த மரியா வேண்டும்?

தொடக்கப் பள்ளியில் நல்ல பிள்ளை என்ற பட்டம் யாருக்குக் கிடைக்கிறது என்று கவனித்தால் பாடநூலுக்கு வெளியே நடக்கும் பாடம் புலப்படும். வாயில் விரல் வைத்து உட்கார்ந்தவள் நல்ல பிள்ளை. பையன்கள் சத்தம் போட்டால், 'பசங்க அப்படித்தான்'. பெண்பிள்ளை சத்தம் போட்டால், 'நீயுமா?'. கரும்பலகை துடைக்க, பூச்சாடியில் தண்ணீர் மாற்ற, கெபிக்கு முன் கோலம் போடப் பெண்பிள்ளைகள். மேசை தூக்கவும் பந்து எடுத்துவரவும் பையன்கள். யாரும் தீய எண்ணத்தோடு பிரிப்பதில்லை. கை தானாகப் பிரிக்கிறது. கோயிலில் பீடத்துக்கு அருகே நிற்பவர்களில் பெரும்பாலும் பையன்களையே பிள்ளைகள் பார்க்கிறார்கள். பீடப் பணியில் சிறுமிகளும் நிற்கலாம் என்று வத்திக்கான் 1994இலேயே தெளிவுபடுத்திவிட்டது. வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி அளிக்கலாம் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் திருச்சபைச் சட்டத்தையே மாற்றினார். உரோமையில் திறந்த கதவு தாமிரபரணிக் கரைக்கு வந்துசேர எத்தனை ஆண்டு ஆகும் என்று கேட்பது விசுவாசிகளின் உரிமை. பிள்ளைகள் எதைப் பார்த்து வளர்கிறார்கள் என்று கேட்பது நம் எல்லோருடைய உரிமை.

இவ்வளவும் சொன்ன பிறகு, இதே பள்ளியில் வேறொரு பாடமும் நடக்கிறது என்பதைச் சொல்லாவிட்டால் விமர்சனம் பாதியில் நிற்கும். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளை, கணவனைக் கேட்காமல் முடிவெடுக்கும் ஒரு பெண்ணை முதன்முதலில் பார்ப்பது பெரும்பாலும் அங்கேதான். சாவிக்கொத்து சிஸ்டரின் இடுப்பில் இருக்கிறது. வங்கிக்குப் போகிறார், கட்டட மேஸ்திரியிடம் கணக்குக் கேட்கிறார், கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுகிறார், அப்பாக்கள் அவர் முன்னால் நின்றுகொண்டு பேசுகிறார்கள். மயிலம்மையின் மகன் ஐந்து வயதில் வீட்டை விட்டுப் போய் அறிஞராக முடிந்தது. பெண்ணாகப் பிறந்த ஒருத்தி வீட்டை விட்டுக் கிளம்பிப் படிப்போடும் பொறுப்போடும் வாழ இந்த வட்டாரத்தில் வெகுகாலம் இருந்த சில வழிகளில் கன்னியர் மடம் ஒன்று. அதைத் தியாகம் என்றும் அழைத்தல் என்றும் மட்டுமே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதில் ஒரு பெண்ணின் தேர்வும் திறமையும் இருப்பதைச் சொல்வதில்லை. ஆண்டுவிழா மேடையில் சிஸ்டரை அன்பின் வடிவம் என்பார்கள். நல்ல நிர்வாகி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவுக்கு நேர்ந்ததுதான் சிஸ்டருக்கும் நேர்கிறது. இருவரின் உழைப்பும் பாசத்துக்குள் கரைந்துபோகிறது.

இந்தக் கரைதலுக்கு எதிரான பாடம் ஒன்று அண்மையில் எதிர்பாராத இடத்திலிருந்து வந்திருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் அப்போது அதில் இல்லை. ஊரகப் பகுதியின் உதவிபெறும் பள்ளிகள் 2024 ஜூலை 15 அன்று சேர்ந்தன. நகர்ப்புறத்தின் உதவிபெறும் பள்ளிகள் சேர 2025 ஆகஸ்ட் 26 ஆனது. அந்தக் கட்டத்தைத் தொடங்கிவைத்த இடம் சென்னை மயிலாப்பூரில் உள்ள புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி, ஒரு கத்தோலிக்கப் பள்ளி. விக்கிரமசிங்கபுரம் நகராட்சி என்பதால் எங்கள் ஊரின் உதவிபெறும் பள்ளிகளும் இந்தக் கடைசிக் கட்டத்தின் கணக்கில்தான் வருகின்றன. ஒரே தெருவில் இருந்து கிளம்பிய இரண்டு பிள்ளைகளில் ஒன்றுக்கு உப்புமா கிடைத்தது, இன்னொன்று பள்ளி மாறிப் படித்ததால் காத்திருந்தது.

இதைப் பசி தீர்க்கும் திட்டம் என்று மட்டும் பார்ப்பது போதாது. விடியலில் இலையை நனைத்துவைத்துவிட்டு, அடுப்பையும் மூட்டி, பிள்ளைக்கும் ஊட்டி, எட்டரை மணிக்குள் வாசலில் விட வேண்டியிருந்த பெண்ணுக்கு ஒரு மணி நேரம் திரும்பக் கிடைக்கிறது. அதைவிட முக்கியமாக, காலைச் சோறு அம்மாவின் அன்பால் மட்டும் வருவது என்ற வாக்கியம் பிள்ளையின் கண்முன்னே தளர்கிறது. கிச்சடியும் பொங்கலும் அரசு ஒதுக்கிய பணத்தில், சம்பளம் பெறும் கைகளால், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து வருகின்றன. சமையல் ஒரு வேலை, உணவு ஓர் உரிமை. மூன்றாம் வகுப்புப் பாடநூலில் இதைவிட நல்ல சமூக அறிவியல் பாடம் இல்லை. இங்கும் நாம் விழித்திருக்க வேண்டும். பல ஊர்களில் அந்தச் சமையலைச் செய்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அவர்களை 'தாயுள்ளம்' என்று மேடையில் வாழ்த்திவிட்டுச் சம்பளத்தைக் குறைவாகவே வைத்தால் பழைய வெண்பாவைத்தான் அரசாணையாக எழுதியிருக்கிறோம் என்று பொருள்.

என்ன செய்யலாம் என்று கேட்கும் ஆசிரியைகளுக்காகச் சிலவற்றைச் சொல்கிறேன். அவர்களும் பெரும்பாலும் இந்த ஊர்ப் பெண்கள்தான். பலர் பீடித் தட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். பாடநூல் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொதிகை மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024இல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவும் படம் வந்தது. நல்ல படம். ஆனால் படம் போட்டவுடன் அப்பா துருவிவிடுவதில்லை. வகுப்பில் யாராவது அதைக் காட்டி, 'உங்க வீட்ல யாரு துருவுவா?' என்று கேட்க வேண்டும். கரும்பலகையில் 'என் அம்மா' என்று எழுதும்போது, 'அம்மா செய்யும் வேலைகள் என்னென்ன? எதற்குக் கூலி கிடைக்கிறது? எதற்குக் கிடைப்பதில்லை?' என்று மூன்று கேள்வியைச் சேர்த்தால் போதும். பிள்ளைகளின் ஐந்து வரி பதினைந்து வரியாகும். அதில் பீடியும் வரும், பாத்திரமும் வரும், பாட்டிக்கு மருந்து கொடுப்பதும் வரும்.

கணக்குப் பாடத்திலும் இடம் இருக்கிறது. பீடிக்கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவது. ஒரு கட்டுக்கு 25 என்றால் ஆயிரம் பீடிக்கு எத்தனை கட்டு? நாற்பது. அதில் நான்கு கட்டு கழித்தால் எத்தனை பீடிக்குக் கூலி போனது? நூறு. கொடுத்த இலை போதாமல் கடையில் இலை வாங்கினால் கையில் மிஞ்சுவது எவ்வளவு? மாம்பழக் கணக்கைவிட இது எங்கள் பிள்ளைகளுக்கு விரைவாக விளங்கும். பிள்ளைகளைப் பீடிக்குப் பழக்குவதாக யாரும் பதற வேண்டாம். தட்டில் பிள்ளைகளின் கை படவே கூடாது. கணக்கு அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்கிறேன். அம்மாவின் உழைப்பை எண்ணத் தெரிந்த பிள்ளை, நாளை தன் உழைப்பை யாரும் குறைத்து எண்ணாமல் பார்த்துக்கொள்ளும். 'அவ சுத்தக் கூடாது' என்று சொன்ன அந்த அம்மாவின் ஆசையும் அதுதான். அந்த ஆசை நிறைவேற, அம்மாவை மறைத்து எழுதக் கற்றுக்கொடுப்பது உதவாது. தாயின் தொழிலை மறைத்துப் பழகிய பெண், நாளை தான் ஜவுளிக் கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பதையும் மறைக்கத்தான் செய்வாள்.

சிஸ்டர்களிடம் கேட்க எனக்கு இன்னும் ஒன்று உண்டு. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2010இல் இந்தியத் திருச்சபைக்கென ஒரு பாலினக் கொள்கையை வெளியிட்டது. ஆணும் பெண்ணும் சமம் என்பதைத் திருச்சபையின் எல்லா அமைப்புகளிலும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்பது அதன் நோக்கம். பள்ளியைவிடப் பெரிய அமைப்பு எது? அந்தக் கொள்கையின் ஒரு பக்கத்தையாவது தொடக்கப் பள்ளி ஆசிரியைகளின் கூட்டத்தில் படித்துப் பேசலாம். பிறகு நன்னெறி வகுப்பில், மதம் பார்க்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லத்தக்க கதையாக, ஓர் இளம்பெண் தனக்கு விளங்காததைப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்த கதையைச் சொல்லலாம். இதற்கு யாரும் மதம் மாற வேண்டியதில்லை. இன்றைய பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் இது வேண்டும். தன் உடலைப் பற்றிப் பெரியவர் ஒருவர் எது சொன்னாலும் 'ஏன், எப்படி' என்று கேட்கலாம் என்று எட்டு வயதில் தெரிந்த பிள்ளை, பெரியவர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் தெரிந்த பிள்ளையைவிடப் பத்திரமாக இருக்கும். வாயில் விரல் வைத்துப் பழகியவள் ஆபத்தில் கூவ மாட்டாள்.

தொடக்கப் பள்ளி என்பது எழுத்தும் எண்ணும் கற்கும் இடம் என்கிறோம். எழுத்தைக் கொண்டு எதை எழுதலாம், எண்ணைக் கொண்டு எதை எண்ணலாம் என்பதையும் பிள்ளைகள் அங்கேதான் கற்கிறார்கள். ஒரு பெண்பிள்ளைக்கு 247 எழுத்தும் தெரிந்து, தன் அம்மாவை எழுத ஐந்து வரிதான் தெரிந்தால், அந்தக் கல்வியில் குறை இருக்கிறது. அதைச் சரிசெய்யப் புதிய தெய்வமும் வேண்டாம், புதிய பாடநூலும் வேண்டாம். பள்ளி முகப்பில் நிற்கும் அந்தப் பெண்ணின் கதையை நடுவில் ஒரு வாக்கியமும் விடாமல் முழுதாகப் படித்தால், தொடங்க அது போதும்.